கப்பல்துறைக்குப் போன கார்டீனியாச் செடி

அன்புள்ள மகன்,

நலமாக இருக்கிறாயா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நீ நலமாக இல்லை என்று தெரிந்துகொண்டே அதைக் கேட்க எனக்குக் கை வரவில்லை. போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் கதைத்தால் டிலானி கட்டிலில் படுத்திருந்தபடி உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் சொல்வது காதில் விழாவிட்டாலும் உன் முகத்திலிருந்து எல்லாவற்றையும் வாசித்துவிடுவாள். சின்ன வயதில் களவாகத் தின்ற சீனியைக்கூட மறைக்கத் தெரியாத முகம் உன்னுடையது. அதனால்தான் எழுதுகிறேன். மழைத்தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் கான்களோடு இதையும் ஓட்டோவில் ஏற்றித் துறைமுகத்துக்கு, நீ வேலை செய்யும் கந்தோருக்கே அனுப்புகிறேன். வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே ஒரு கதிரையில் இருந்து முழுவதும் வாசி. பாதியில் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிடாதே. சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு நேரம் எடுக்கும்.

நேற்றுக் காலை வீட்டுக்கு வெளியே நின்று நீ போனில் அழுதாய். அப்பா செத்த அன்றும் நீ என் முன்னால் அழவில்லை. "அம்மா, செடி சாகுது. மொட்டு முழுக்க உதிருது. அவள் சாப்பிடுறாள் இல்ல. என்ன செய்யிறதெண்டு சொல்லுங்கோ" என்றாய். வைத்தியர் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொன்ன பெண், ஏழாம் மாதத்தில், ஒரு பூச்சாடியைப் பார்த்துக்கொண்டு சோற்றைத் தள்ளி வைக்கிறாள். கிளினிக்கில் பிள்ளையின் இதயத்துடிப்பு நல்லாக இருக்கிறது என்று சொல்கிறார்கள். அவளோ செடியைத்தான் நம்புகிறாள். நீ கேட்டதற்கு எல்லாம் ஓம் ஓம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பிறகு குசினிக்குள் போய்த் தரையில் இருந்துவிட்டேன். எழும்ப எனக்கு நெடுநேரம் ஆனது.

இந்த வினை என் வாயால் வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டிருந்தால் பரவாயில்லை, உங்களையல்லவா கெடுத்து வைத்திருக்கிறேன். போன வருசம் முதல் பிள்ளை தங்காமல் போனபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளுடைய தலையைத் தடவிக்கொண்டு, "அழாத பிள்ளை. உதிர்ற மொட்டு உதிரத்தான் செய்யும். செடி இருக்குதுதானே" என்று சொன்னேன். இந்த முறை ஆறாம் மாதம் தொடங்கியதும், வைத்தியர் படுக்கச் சொல்ல முன்னம், அவளே பஸ் ஏறி அன்புவழிபுரத்துக்கு என்னிடம் வந்தாள். முற்றத்தில் என் கார்டீனியாச் சாடிகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் மொட்டு வைத்திருந்த ஒரு சின்னச் செடிக்குப் பக்கத்தில் நின்று, "மாமி, இது பூத்தா எனக்கும் தங்கும், என்ன?" என்று கேட்டாள். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு நான் வேறென்ன சொல்வேன்? ஓம் என்றேன். ஒரு சொல். அதை மடியில் கட்டிக்கொண்டு, சாடியைக் கையில் தூக்கிக்கொண்டு கப்பல்துறைக்கு, உங்கள் வீட்டுக்குப் போனாள். முதல் பூவை மாதாவுக்கு வைப்பதாக நேர்த்தியும் வைத்தாள் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிறகு மொட்டு உதிரத் தொடங்கியதும், "கொஞ்ச நாளைக்கு வீட்டுப்பக்கம் வராதேங்கோ அம்மா, உங்களைக் கண்டா அவளுக்கு அந்தக் கதைதான் ஞாபகம் வருகுது" என்றாய். நான் கோபிக்கவில்லை. கோபிக்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

இப்போது செடியைப் பற்றிச் சொல்கிறேன், கவனமாகக் கேள். கார்டீனியா ஒரு வம்புக்காரப் பூ. ஒற்றைப் பூ பூத்தால் வீடு முழுக்க மணக்கும், ஆனால் அந்த ஒற்றைப் பூவுக்கு எங்கள் பொறுமையை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிடும். செவ்வரத்தையைப் போல எறிந்த இடத்தில் முளைக்கிற சாதி இல்லை. அதற்குப் புளிப்பு மண் வேண்டும். எங்கள் ஊர் மண்ணோ சிப்பியும் சுண்ணாம்பும் கலந்த மண். கிணற்றுத் தண்ணீரும் அப்படித்தான், கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு. அந்தத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினால் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதைக் கண்டு செடிக்குப் பசி என்று நினைத்துச் சனம் சிரட்டைச் சாம்பலையும் முட்டைக்கோதையும் கொண்டுவந்து கொட்டும். நானும் கொட்டியிருக்கிறேன். மற்றச் செடிக்கெல்லாம் மருந்தாக இருப்பது இதற்கு நஞ்சு. உன் பக்கத்து வீட்டு அக்கா சாம்பல் தரட்டுமா என்று கேட்டதாகச் சொன்னாயே, கும்பிட்டு வேண்டாம் என்று சொல்லு.

மொட்டு உதிர்வதற்கு அதைவிட வேறு காரணமும் உண்டு. மொட்டோடு நிற்கும் கார்டீனியாவை இடம் மாற்றக் கூடாது. என் முற்றத்தில் காலை வெயிலும் மத்தியானத்துக்குப் பிறகு வேப்பமர நிழலுமாக நின்ற செடி அது. அதை அவள் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனாள். நீ முதலில் விறாந்தையில் வைத்து, பிறகு மதிலோரம் வைத்து, பிறகு அவள் படுத்தபடி பார்க்க வேண்டும் என்று யன்னலுக்கு நேரே வைத்தாய். ஒவ்வொரு முறையும் அது திகைத்துப் போயிருக்கும். போதாக்குறைக்கு இப்போது வறண்ட கச்சான் காற்று. எங்கள் மூக்கே காய்ந்து வெடிக்கிறது, மொட்டு என்ன செய்யும்? இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்த விசயம். மொட்டோடு அந்தச் சாடியை அவள் தூக்கியபோதே, இது பாதியும் தங்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஓம் என்றேன், மகன்.

ஆனால் நீ போனில் அனுப்பிய படத்தைப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. இலையின் ஓரம் நெருப்புப் பட்டது போலக் கருகியிருந்தது. சுண்ணாம்புத் தண்ணீர் அப்படிக் கருக்காது. மண்ணின் மேல் வெள்ளைப் பூப்பாக ஏதோ படிந்திருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாடிக்குப் பக்கத்தில் யன்னல் திட்டில் மாதாவின் உருவம் போட்ட பிளாஸ்டிக் போத்தல் இருந்தது. உனக்குப் போன் எடுத்துக் கேட்டால், காலையும் பின்னேரமும் கட்டிலில் இருந்தபடியே யன்னலால் கை நீட்டி மந்திரித்த தண்ணீர் ஊற்றுகிறாள் என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறாய். போத்தலில் குறையக் குறையத் தண்ணீரைச் சேர்த்து, பங்குச் சுவாமி மந்திரித்துத் தந்த உப்பையும் கூடவே போடுகிறாளாம். கடவுளே. எங்களைப் போன்ற ஆட்களைத் தவிர வேறு யார் ஒரு செடியை விசுவாசத்தாலேயே கொல்வார்கள்? உப்புக் காற்றுக்கே முகம் சுளிக்கிற செடிக்கு நாள் தவறாமல் செபம் சொல்லி உப்புத்தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். அவளைப் பேசிவிடாதே. நானே அவளுடைய இடத்தில் கிடந்தால் கடலையே மந்திரித்து ஊற்றியிருப்பேன்.

இன்று காலைப் பூசை முடிந்ததும் சுவாமியிடம் போய்க் கேட்டேன். சிரிப்பார் என்று பயந்தேன், அவர் சிரிக்கவில்லை. மந்திரித்தாலும் உப்பு உப்புத்தான் என்றார், அந்தத் தண்ணீர் செடிக்கு வேண்டாம், அதால் அவள் தன் நெற்றியிலும் வயிற்றிலும் சிலுவை போடட்டும் என்றார். அவர் சொன்னதாகவே அவளிடம் சொல்லு. போத்தலை ஒளிக்காதே, எறிந்துவிடாதே. மாதா சுரூபத்துக்கு முன்னால் அவளுக்குக் கை எட்டும் இடத்தில் வை.

இனிச் செய்ய வேண்டியது. நான் அனுப்பும் கான்களில் இருப்பது போன மாரியில் பிடித்து மூடி வைத்த மழைத்தண்ணீர். இன்றைக்கு வெயில் இறங்கியதும் சாடியின் மேல் மண்ணில் படிந்திருக்கும் வெள்ளையை ஒரு கரண்டியால் மெல்லச் சுரண்டி எடு. வேரைக் கிண்டிவிடாதே, அதன் வேர் மேலாகத்தான் ஓடும். பிறகு தண்ணீரை மெதுவாக ஊற்று, அடித்துளையால் ஓடி வடிய வேண்டும். வடிந்தபின் திரும்ப ஊற்று. அப்படி ஒரு கான் முழுவதும் போகட்டும். உப்புக் கழுவுபட்டுப் போக வேறு வழியில்லை. கீழே வைத்திருக்கும் தட்டை எடுத்துவிடு, வடிந்த தண்ணீரில் சாடி நின்றால் பட்ட பாடெல்லாம் வீண். அதற்குப் பிறகு மண்ணுக்குள் விரலை விட்டுப் பார், மேல் மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று. மழைத்தண்ணீர் முடிந்தால் உங்கள் கந்தோர் ஏசியிலிருந்து குழாய் வழியே சொட்டுகிற தண்ணீரை வாளியில் பிடித்துக்கொண்டு போ. அதில் உப்பும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. ஆட்கள் சிரித்தால் சிரிக்கட்டும். அதுவும் கிடைக்காவிட்டால் குடிக்க வாங்குகிற வடிகட்டின தண்ணீரை ஊற்று.

சாடியை இனி ஒரு அங்குலமும் நகர்த்தாதே. யன்னலடியில் நிற்கட்டும். காற்று வரும் பக்கம் இரண்டு தடியை ஊன்றி என் பழைய சேலை ஒன்றைக் கட்டு, அதையும் கான்களோடு அனுப்பியிருக்கிறேன். உரம் ஒன்றும் போடாதே. காய்ச்சல்காரனுக்குப் புரியாணி கொடுப்பது மாதிரி அது. இலைக்கு அடியில் பஞ்சு போல வெள்ளைப்பூச்சி இருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடு. கருகின இலையைப் பிடுங்காதே, தானாக விழும். புதுத் துளிர் வந்தபிறகுதான் மற்றதெல்லாம். அப்போது உக்கின இலைமண்ணும் நன்றாகக் கழுவின தேங்காய்த் தும்புத்தூளும் கலந்து சாடி மாற்றித் தருகிறேன். கழுவாத தும்புத்தூளிலும் உப்பு இருக்கும், தெரியுமா? இலை வெளிறினால் இரும்புச்சத்து மருந்து விவசாயக் கடையில் கிடைக்கும். பதறிய காரியம் சிதறும், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்.

இன்னொன்று. அவள் கண்விழிக்க முன்னம் நீ எழும்பிப் போய், விழுந்த மொட்டுகளைப் பொறுக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறாய் என்று சொன்னாய். விடு மகன். செடியில் எத்தனை இருந்தது, எத்தனை குறைந்தது என்று அவளுக்குத் தெரியாது என்றா நினைக்கிறாய்? அவள் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தானே. நீ ஒளிக்க ஒளிக்க அவளுடைய பயம் பெருகும். புருசனும் பயந்துபோய்த்தான் இருக்கிறான் என்று அவளுக்கு அது சொல்லிக் கொடுக்கும். விழுந்தது விழுந்த இடத்தில் கிடக்கட்டும்.

நேற்று நீ கடைசியாகக் கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். உங்களிட்டை இதே அளவில வேறொரு சாடி இருக்குதோ, அவள் நித்திரையாகும்போது மாத்தி வைக்க ஏலாதோ என்று கேட்டாய். உள்ளதைச் சொன்னால், நீ கேட்க முன்னமே நான் அதை நினைத்துவிட்டேன். என் முற்றத்தில் இப்போது எல்லாச் செடியும் பூக்கிறது. படலையால் போகிற சனம் நின்று மணந்துவிட்டுப் போகிறது. அதைப் பார்க்க எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது, வெட்கமாகவும் இருக்கிறது. நேற்றுப் பின்னேரம் ஒரு சாடியைத் தெரிந்தெடுத்து, கழுவித் துடைத்து, ஓட்டோக்காரருக்குப் போனும் எடுத்துவிட்டேன். பிறகு அதைத் தூக்கிப் பார்த்தபோது எனக்குப் பயம் வந்தது. அவள் நம்பிவிட்டால் என்ன செய்வது? அதன் மொட்டும் நாளைக்கு இடம் மாறிய கோபத்தில் உதிரும். இரண்டாவது செடியும் உதிர்ந்தது என்று அவள் பார்த்தால், அதற்குப் பிறகு அவளைப் பிடித்து வைக்க எங்களுக்கு ஒரு கயிறும் மிஞ்சாது. ஓட்டோவை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது நீ கேட்க விரும்பாததைச் சொல்கிறேன். நான் மேலே எழுதியதை எல்லாம் ஒரு புள்ளி பிசகாமல் நீ செய்தாலும், மிச்சம் நிற்கிற மொட்டும் உதிரும். உப்புக் குடித்த செடி உயிரைப் பிடிக்குமே தவிரப் பூவைப் பிடிக்காது. கடவுள் கண் திறந்தால் செடி பிழைக்கும். ஆனால் பிள்ளை பிறக்க முன்னம் அதில் ஒரு பூவும் வராது. தலைக்கு மேல் வெள்ளம் வந்தபின் சாண் என்ன, முழம் என்ன, அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். அவள் காத்திருக்கிற பூ வராது. இன்னும் இரண்டு மாதம் அவள் அந்த வெறுங்கொப்பைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும், சாப்பிட வேண்டும், நித்திரை கொள்ள வேண்டும், பிள்ளையைப் பெற்றெடுக்க வேண்டும். அதற்கு மழைத்தண்ணீர் போதாது. நான் சொன்ன ஓம் என்ற அந்தச் சொல்லை நான்தான் திரும்ப எடுக்க வேண்டும். வெறுமனே பொய் சொன்னேன் பிள்ளை என்றால் அவள் நம்பமாட்டாள். நம்புகிற மாதிரிச் சொல்ல என்னிடம் ஒரு கதை இருக்கிறது. அது உனக்கும் தெரியாது.

உனக்கு முன்னம் எனக்கு ஒரு பெண்பிள்ளை இருந்தாள். எட்டாம் மாதம் வயிற்றிலேயே துடிப்பு நின்றுவிட்டது. இதே வீடு, இதே முற்றம். ஞானஸ்நானம் எடுக்காத பிள்ளை என்று அந்தக் காலத்தில் பூசையும் இல்லை, மணியும் அடிக்கவில்லை. அப்பா ஒரு சின்னப் பெட்டியில் வைத்துச் சேமக்காலை மதிலோரம் கொண்டுபோய்க் குழி வெட்டித் தாட்டுவிட்டு வந்தார். அதைப் பற்றிக் கதைக்கக் கூடாது என்று எல்லாரும் சொன்னார்கள், நாங்களும் கதைக்கவில்லை. அவருக்கும் எனக்கும் இடையில்கூட அந்தக் கதை வந்ததில்லை. உதிர்ற மொட்டு உதிரத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லித்தான் அந்த வருசத்தைத் தாண்டினேன். எனக்கு மருந்தாக இருந்ததைத்தான் டிலானிக்கும் கொடுத்தேன். அது அவளுக்கு இப்படிப் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. அந்த மாதம் முற்றத்தில் நின்ற கார்டீனியா என்ன செய்தது தெரியுமா? இலை தெரியாமல் பூத்தது. அதற்கு முன்னமும் பிறகும் அப்படி ஒரு பூப்பை நான் கண்டதில்லை. நான் வயிற்றைக் கட்டிக்கொண்டு அறைக்குள் கிடக்கிறேன், யன்னலால் அந்த மணம் வந்து வந்து மூச்சை அடைக்கிறது. பால் கட்டி நெஞ்சு கல்லாக இருக்கிறது. கோயில் பெண்கள் வந்து, பீடத்துக்குப் பூ வெட்டலாமோ அக்கா என்று படலையில் நின்று கேட்கிறார்கள். ஒன்றும் விடாமல் வெட்டிக்கொண்டு போகச் சொன்னேன். அடுத்த நாள் திரும்பவும் பூத்தது. அந்தச் செடிக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை, மகன். என் பிள்ளையைப் பற்றியும் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு நீ வயிற்றில் இருந்தபோது சண்டைக்குப் பயந்து நாங்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினோம். நீ பிறந்தது முகாமில் என்று உனக்குத் தெரியும். அங்கே புல்லும் மிதிபட்டுச் செத்துப்போன வெறும் செம்மண். விட்டுவிட்டு வந்த கார்டீனியாவை நினைத்து நான் ஒருநாள் அழுததற்கு, உயிர் போகிற நேரத்தில் பூவுக்கு அழுகிறாயா என்று அப்பா ஏசினார். திரும்பி வந்து பார்த்தபோது சாடியில் காய்ந்த தடி ஒன்றுதான் நின்றது. முறித்துப் பார்த்தேன், உள்ளேயும் பச்சை இல்லை. நீ என் இடுப்பில் இருந்துகொண்டு அந்தத் தடியைப் பிடுங்கி வாய்க்குள் வைத்துக் கடித்தாய்.

என் பிள்ளை செத்த மாதம் இந்த வளவு முழுக்கப் பூ. நீ பிறந்த நேரம் கண்ணுக்கெட்டின தூரத்துக்கு ஒரு இலை இல்லை. இதை அவள் கேட்க வேண்டும். உன் வாயால் கேட்டால் ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று நினைப்பாள். பெற்று, தாட்டு, திரும்பவும் பெற்றவள் சொன்னால் நம்புவாள். சேலை மாற்றி, பையைக் கட்டி வைத்துக்கொண்டு இருக்கிறேன். வராதேங்கோ என்று சொன்ன வாயால் ஒரு தரம் வாங்கோ என்று சொல்லு. செடிக்காக இல்லை, அது போனால் போகட்டும்.

அம்மா